ராணுவ மெடிக் வேலையிலிருந்து நர்ஸ் லைசென்ஸ் வரை: சீருடையில் இருக்கும்போதே தொடங்குங்கள்

அமெரிக்க ராணுவத்தில் 68டபிள்யூ, அதாவது போர்க்கள மெடிக்காக இருந்துவிட்டு வெளியே வந்தபோது, சிவிலியன் உலகம் ஏற்கும் சான்றிதழ் என்று என்னிடம் இருந்தது இஎம்டி, அதாவது அவசர மருத்துவ உதவியாளர் சான்றிதழ் மட்டும்தான். ஐவி போடுவேன், தையல் போடுவேன், டூர்னிக்கே கட்டி ரத்தத்தை நிறுத்துவேன். ஆனால் ஆஸ்பத்திரி வார்டில் நோயாளிக்கு ஒரு மாத்திரை எடுத்துக் கொடுக்க எனக்கு உரிமை கிடையாது. ரொம்ப வலித்தது. பிறகு மெல்லப் புரிந்தது: நர்ஸ் லைசென்ஸ் தரும் மாநில அமைப்பான நர்சிங் போர்டு உங்கள் திறமையைச் சந்தேகப்படவில்லை, அதற்குத் தெரிந்த மொழியில் நீங்கள் இன்னும் எதையும் காட்டவில்லை. அப்படிக் காட்டுவது எப்படி என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: உங்கள் பயிற்சி எந்த வகை?

ராணுவத்தில் 68சி, அதாவது நர்சிங் பயிற்சி பெற்றவர் என்றால் பாதி வேலை முடிந்தது. அவர்கள் பயிற்சியின் பகுதியாகவே என்க்ளெக்ஸ் என்ற நர்ஸ் லைசென்ஸ் தேர்வின் 'பிஎன்' வகையை எழுதி, எல்பிஎன் என்ற முதல்நிலை நர்ஸ் லைசென்ஸ் வாங்கிவிடுகிறார்கள். மற்றவர்கள், அதாவது 68டபிள்யூ, கடற்படையின் கோர்மேன், விமானப்படை மெடிக் எல்லோரும், இந்தக் கட்டுரை முழுவதையும் படிக்க வேண்டும்.

படி 2: காகிதத்தைச் சேருங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான்.

முதலில் ஜேஎஸ்டி. தரைப்படை, கடற்படை, மரீன், கடலோரக் காவல்படை ஆட்களுக்கு இதுதான் பயிற்சி மதிப்பெண் பட்டியல். இலவசம். எந்தப் பயிற்சிக்கு எத்தனை கல்லூரி கிரெடிட் தரலாம் என்ற பரிந்துரையும் அதிலேயே இருக்கும். விமானப்படையினர் இதைத் தேடி அலைய வேண்டாம். அவர்களுடைய பட்டியல் விமானப்படையின் சமுதாயக் கல்லூரியான சிசிஏஎஃப்-இடம் இருக்கிறது.

அடுத்தது டிடி-214, அதாவது படையிலிருந்து விடுவிக்கப்பட்டதற்கான ஆவணம். இதில் பலர் ஏமாறுகிறார்கள். 'மெம்பர்-1' என்ற சுருக்கப் பிரதியில் நீங்கள் எந்த முறையில் விடுவிக்கப்பட்டீர்கள் என்ற விவரம் இருக்காது. போர்டுக்கு அது வேண்டும். ஆகவே 'மெம்பர்-4' பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். கூடவே டிடி-2586 என்ற பயிற்சி, அனுபவச் சுருக்கத்தையும் எடுத்துவிடுங்கள்.

இவை எல்லாம் கணினியில் கிடைப்பவை. கிடைக்காதது ஒன்று உண்டு: நீங்கள் நோயாளியைப் படுக்கையருகே நின்று பராமரித்தீர்கள் என்று மேலதிகாரி கையெழுத்திட்ட கடிதம். நான் வெளியே வந்த பிறகுதான் இதைக் கேட்டார்கள். அதற்குள் என் சார்ஜென்ட் வேறு தளத்துக்கு மாறிவிட்டார், மருத்துவ அதிகாரி ஓய்வு பெற்றுவிட்டார். ஒரு கையெழுத்துக்காக நான்கு மாதம் அலைந்தேன். நீங்கள் அலையாதீர்கள். ஒவ்வொரு பணியிடத்தை விட்டுக் கிளம்பும்போதும் கையோடு வாங்கிவிடுங்கள்.

கடிதத்தில் வார்த்தைகளும் முக்கியம். "பட்டாலியனில் சிக் கால் பார்த்தார்" என்று எழுதினால் போர்டில் யாருக்கும் விளங்காது. "காய்ச்சல், காயம், வயிற்றுவலி என்று வருபவர்களிடம் நோய் விவரமும் மருந்து ஒவ்வாமையும் கேட்டறிந்தார், நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் அளந்தார், மருத்துவர் எழுதிய ஊசி மருந்தைச் செலுத்தினார், எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதினார்" என்றால் விளங்கும். எந்த வார்டு, எத்தனை மாதம் என்பதும் இருக்கட்டும்.

படி 3: எந்த லைசென்ஸ், எந்த மாநிலம்?

அமெரிக்காவில் லைசென்ஸ் தருவது மாநிலம், மத்திய அரசு அல்ல. அதனால் விதிகளும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிபோர்னியாவில் ராணுவ மெடிக்குகளுக்கென்றே தனி வழி உண்டு: படைகளில் அடிப்படை நர்சிங் பயிற்சி முடித்து, 12 மாதம் படுக்கையருகே நோயாளிகளைப் பராமரித்து, நல்ல முறையில் விடுவிக்கப்பட்டிருந்தால், எல்பிஎன்னுக்கு இணையான எல்விஎன் தேர்வை நேரடியாக எழுதலாம்.

கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நிதானமாக யோசியுங்கள். அங்கீகாரம் பெற்ற நர்சிங் பள்ளியில் படிக்காமல் வாங்கிய லைசென்சை வேறொரு மாநிலம் ஏற்காமல் போகலாம். 40-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் சேர்ந்த நர்ஸ் லைசென்ஸ் ஒப்பந்தத்திலும் கலிபோர்னியா இல்லை. அங்கேயே தங்கப் போகிறவருக்கு இது நல்ல குறுக்குவழி. நாளைக்கு எங்கே இருப்போம் என்று தெரியாதவருக்கு என் யோசனை இதுதான்: அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் சேர்ந்து, எல்பிஎன்னுக்கு மேல்நிலையான ஆர்என் (பதிவு பெற்ற நர்ஸ்) லைசென்சுக்கே போங்கள். அசோசியேட் பட்டம் சுமார் இரண்டு ஆண்டு.

கல்லூரியில் சேரும்போது ஜேஎஸ்டி கிரெடிட்டைக் கேட்டு வாங்குங்கள். அதே சமயம், உடற்கூறியல், நுண்ணுயிரியல் இரண்டையும் ஆய்வகத்தோடு மறுபடி படிக்கத் தயாராக இருங்கள். அங்கே பெரும்பாலும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

படி 4: பணம்

9/11-க்குப் பிந்தைய ஜிஐ பில் என்ற படைவீரர் கல்வி உதவித் திட்டம் 36 மாதம் வரை படிப்புச் செலவைத் தாங்கும். எல்லா வகுப்பையும் ஆன்லைனில் எடுத்தால் வீட்டு வாடகைப் படி தேசிய சராசரியில் பாதிதான் கிடைக்கும். ஒரு வகுப்பையாவது நேரில் எடுங்கள். லைசென்ஸ் தேர்வுக் கட்டணத்தையும் இதே திட்டத்தில் திரும்பக் கேட்கலாம்.

படிக்கும்போது வேலை வேண்டுமா? முன்னாள் படைவீரர் ஆஸ்பத்திரிகளில் மெடிக்குகளுக்காகவே 'ஐசிடி' என்ற பணி இருக்கிறது. லைசென்ஸ் இல்லாமலே உங்கள் கைத்திறனைப் பயன்படுத்த விடும் அபூர்வமான இடம் அது.

படி 5: மெடிக் மூளையை நர்ஸ் மூளையாக்குவது

பாடம் கஷ்டமில்லை, பழக்கம்தான் கஷ்டம். படையில் நாம் பார்த்தது பெரும்பாலும் இளம் வயது, திடகாத்திர உடல், காயம். என்க்ளெக்ஸில் வருவது எண்பது வயது இதய நோயாளி, பிரசவம், குழந்தை, மனநலம், நீரிழிவு. எனக்குப் பிரசவம் பற்றிச் சுத்தமாக ஒன்றும் தெரியாது. அதற்கென்றே ஒரு கோடை விடுமுறையை ஒதுக்கினேன்.

இன்னொன்று, அவசரம். பயிற்சிக் கேள்வி ஒன்று: அறுவை சிகிச்சை முடிந்த நோயாளி திடீரென்று மூச்சுத் திணறுகிறது என்கிறார், நர்ஸ் முதலில் என்ன செய்வார்? நெஞ்சுக்குள் சிக்கிய காற்றை வெளியேற்ற ஊசி இறக்கத்தான் என் கை துடித்தது. சரியான விடை, படுக்கையின் தலைப்பக்கத்தை உயர்த்துவது. அதன் பிறகு ஆக்சிஜன் அளவு பார்த்து, மருத்துவரைக் கூப்பிட வேண்டும். போர்க்களத்தில் மருத்துவர் இல்லை, நாமேதான் எல்லாம். வார்டில் நர்ஸ் முதலில் கவனிப்பவர். தப்பு விடை போடும்போதெல்லாம், "இதில் நான் மெடிக்காக யோசித்தேனா?" என்று ஓரத்தில் குறித்து வையுங்கள். எனக்கு முதல் மாதம் பக்கத்துக்குப் பக்கம் அந்தக் குறிதான் இருந்தது.

படி 6: விண்ணப்பம், தேர்வு

மாநில போர்டுக்கு விண்ணப்பித்து, கைரேகை கொடுங்கள். தேர்வை நடத்தும் நிறுவனமான பியர்சன் வியூவில் 200 டாலர் கட்டிப் பதிவு செய்யுங்கள். போர்டு ஒப்புதல் தந்ததும் ஏடிடி என்ற அனுமதிக் கடிதம் மின்னஞ்சலில் வரும். அதற்குக் காலக்கெடு உண்டு, வந்த அன்றே தேதியைப் பிடித்துவிடுங்கள். பெயர் எல்லா ஆவணத்திலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். அப்பா பெயரைக் கடைசிப் பெயராக வைத்திருக்கும் நம்மவர்களுக்கு இதில்தான் சிக்கல் வரும்.

தேர்வில் குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150, நேரம் ஐந்து மணி. நீங்கள் விடை சொல்லச் சொல்லக் கணினி அடுத்த கேள்வியின் கடினத்தை மாற்றும். 85-லேயே திரை நின்றாலும் சரி, 150 வரை போனாலும் சரி, அதை வைத்து முடிவைக் கணிக்க முடியாது. தேர்ச்சி பெற்றதும், நர்ஸ் லைசென்ஸ்களைச் சரிபார்க்கும் நர்சிஸ் தளத்தில் உங்கள் பெயரைத் தேடிப் பாருங்கள். லைசென்ஸ் எண் அங்கே ஏறிய பிறகு வேலைக்கு விண்ணப்பத்தை அனுப்பலாம்.