அம்மா ஏன் போனை எடுக்கவில்லை?

டொராண்டோவிலிருந்து தினமும் காலை 8.30-க்கு கும்பகோணத்தில் இருக்கும் அம்மாவைக் கூப்பிடுவேன். அங்கே மாலை 6. நவம்பர் தொடங்கியதும் மணி அடிக்கும், எடுக்க ஆளில்லை. அவர் திருப்பிக் கூப்பிடும்போது நான் வேலையில் இருப்பேன். வாட்ஸ்அப்பை அழித்து மறுபடி போட்டேன். அண்ணன் ரவுட்டரையே மாற்றினார். பத்து நாள் தவிப்பு.

"ஆறு மணிக்கு விளக்கேத்திட்டு உனக்காக உக்காந்திருந்தேன்டா, அப்புறம் கோயிலுக்குப் போயிட்டேன்" என்றார் அம்மா. அப்போதுதான் பிடிபட்டது. நவம்பர் முதல் ஞாயிறு இங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகிறது, இந்தியாவில் மாற்றமில்லை. போன் தானாகவே மாறிக்கொள்வதால் கண்ணில் படவில்லை. என் 8.30 அவருக்கு 7 ஆகிவிட்டது.

காலண்டரில் தினசரி நினைவூட்டலின் நேர மண்டலத்தைக் கொல்கத்தா (இந்திய நேரம்) என்று மாற்றி, மாலை 6 என வைத்தேன். இப்போது 7.30-க்கு அடிக்கிறது, மார்ச் இரண்டாம் ஞாயிறு தானே 8.30 ஆகிவிடும். நேற்று முதல் மணியிலேயே எடுத்தார்.