எடை குறைய வேண்டுமா? சமையல் மேடையிலிருந்து தொடங்குங்கள்

வீட்டை ஒழுங்குபடுத்தினால் உடல் மெலியும் என்பது பாதி உண்மைதான். பெருக்கித் துடைத்து, பரண் சாமானை இறக்கி ஏற்றி ஒரு மணி நேரம் வேலை பார்த்தால், 60 கிலோ எடையுள்ளவருக்குச் செலவாவது சுமார் 200 கலோரி. அந்தக் களைப்பில் டீயோடு இரண்டு கைப்பிடி மிக்சர் சாப்பிட்டால் அதைவிடக் கூடுதலாகவே உள்ளே போய்விடும்.

எடையில் மாற்றம் வருவது வேறு வழியாக. எந்தப் பண்டம் கண்ணில் படுகிறது, எது கைக்கு எட்டுகிறது, காய் நறுக்க மேடையில் இடம் இருக்கிறதா, நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம் இருக்கிறதா என்பதையெல்லாம் பெரும்பாலும் வீட்டு அடைசல்தான் முடிவு செய்கிறது. ஆகவே பீரோ, புத்தக அலமாரி, பழைய துணி மூட்டை எல்லாம் இப்போதைக்கு அப்படியே கிடக்கட்டும். கைக்கும் வாய்க்கும் நடுவில் வரும் இடங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த விஷயத்தில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஆய்வு 2016-ல் வந்தது. 98 பெண்களில் ஒரு பகுதியினரைச் சாமான் சிதறிக் கிடந்த சமையலறையிலும் மற்றவர்களை ஒழுங்கான சமையலறையிலும் இருக்க வைத்துத் தின்பண்டம் கொடுத்தார்கள். அலங்கோலமான அறையில், தன் வாழ்க்கை கைமீறிப் போன ஒரு தருணத்தை நினைத்து எழுதச் சொல்லப்பட்டவர்கள் பிஸ்கட்டை அதிகம் சாப்பிட்டார்கள். அதே அறையில், எல்லாம் தன் கட்டுப்பாட்டில் இருந்த தருணத்தை எழுதியவர்களிடம் அந்த அளவு இல்லை. ஆனால் ஆய்வாளர்களில் ஒருவரான பிரையன் வான்சிங்க் மீது 2018-ல் அவர் வேலை பார்த்த அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகமே ஆய்வு முறைகேடு என்று முடிவு சொன்னது. அவருடைய வேறு பல கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. எனவே இந்த ஒரு முடிவை மட்டும் நம்பி எதையும் செய்ய வேண்டாம். உணவைத் தள்ளி வைத்தால் சாப்பிடும் அளவு குறைகிறது என்பதற்கும், டிவி பார்த்துக்கொண்டே சாப்பிட்டால் அப்போதும் அடுத்த வேளையிலும் கூடுதலாகச் சாப்பிடுகிறோம் என்பதற்கும் வேறு பலர் தனித்தனியாகச் செய்த சோதனைகள் இருக்கின்றன. கீழே உள்ளவை அந்த இரண்டின் மேல் நிற்பவை.

தொடங்கும் முன்

காலையில் வெறும் வயிற்றில், கழிப்பறை போய் வந்தபின் எடை பாருங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பை வைத்து, மூச்சை விட்ட நிலையில் சுற்றளவையும் எடுங்கள். இந்தியர்களில் ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினால் வயிற்றுக் கொழுப்பு அதிகம் என்று பொருள்.

டப்பா வாங்கக் கடைக்கு ஓட வேண்டாம். முதலில் டப்பா, பிறகு ஒழுங்கு என்று தொடங்கினால் அடைசலுக்கு டப்பாக்களும் சேர்ந்துகொள்ளும். கல்யாண வீடுகளில் கொடுத்தவையும் பார்சலில் வந்தவையுமே தேவைக்கு மேல் இருக்கும். மூடி சரியாகப் பொருந்துவதில் ஆறு மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடுங்கள்.

ஒரு நாளைக்கு ஓர் இடம், 90 நிமிடம், அதோடு நிறுத்திவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை முழு வீட்டையும் புரட்டிப்போடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. மதியம் இரண்டு மணிக்கு அடுப்படி முழுக்கச் சாமான் கிடக்கும், சமைக்கத் தெம்பு இருக்காது, பிரியாணி ஆர்டர் போகும். அன்றைய சாப்பாட்டைச் செய்து, சாப்பிட்டு முடித்த பிறகே வேலையைத் தொடங்குங்கள். பசியோடு தின்பண்ட அலமாரியைத் திறக்கவே கூடாது.

சமையல் மேடை

அடுப்புக்குப் பக்கத்தில் இரண்டடி நீளம் எப்போதும் காலியாக இருக்க வேண்டும். அதுதான் காய் நறுக்கும் இடம். அந்த இரண்டடி இல்லாத வீட்டில் என்ன சமையல் நடக்கிறது என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள்: புளிசாதம், எலுமிச்சைச் சாதம், தொட்டுக்கொள்ள அப்பளம், வற்றல். கீரை ஆய்வதற்கும் பீன்ஸ் நறுக்குவதற்கும் இடம் வேண்டும். அப்பளம் பொரிக்க அந்த இடம் தேவையில்லை. காய் குறைந்து சாதமும் எண்ணெயும் கூடுவது பல வீடுகளில் இந்த வழியாகத்தான்.

மேடையில் இருக்க வேண்டியவை: அடுப்பு, நறுக்கும் பலகையும் கத்தியும் (அல்லது அரிவாள்மனை), அஞ்சறைப்பெட்டி, தண்ணீர், மிக்சி. மிக்சியைக் கீழ் அலமாரியில் பூட்டி வைத்தால் மேடை பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அலுப்பான காலையில் சட்னி அரைக்கத் தோன்றாது. இட்லிக்குப் பொடியும் நல்லெண்ணெயும் வந்துவிடும். இரண்டு டீஸ்பூன் நல்லெண்ணெய் என்றால் 80 கலோரிக்கு மேல். தினமும் கை போகும் கருவி மேடையில் இருக்கட்டும். சாண்ட்விச் டோஸ்டர், ஓவன், ஜூசர் போன்று மாதம் ஒருமுறை எடுப்பவை பரணுக்குப் போகட்டும்.

மேடையை விட்டுப் போக வேண்டியவை: பிஸ்கட் பாக்கெட், மிக்சர் டப்பா, முறுக்குத் தூக்கு, மால்ட் பவுடர் பாட்டில்கள், ஐந்து லிட்டர் எண்ணெய் கேன்.

எண்ணெய் கேனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நான்கு பேர் வீட்டில் மாதம் ஐந்து லிட்டர் தீர்ந்தால், ஆளுக்கு நாளொன்றுக்கு 38 கிராம், அதாவது சுமார் 340 கலோரி எண்ணெயிலிருந்து மட்டும் வருகிறது. கேனிலிருந்து நேரடியாகச் சட்டியில் ஊற்றும்போது அளவு தெரியாது. பெரிய பாத்திரத்திலிருந்து ஊற்றும் கை தாராளமாகத்தான் ஊற்றும். ஒரு 750 மி.லி. பாட்டிலை எடுத்து, திங்கட்கிழமை காலை நிரப்புங்கள். நால்வருக்கும் அந்த வாரம் அவ்வளவுதான். ஆளுக்கு நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் வந்துவிடும். ஒருவருக்கு 120 கலோரி குறையும். வியாழக்கிழமையே பாட்டில் காலியானால், எந்த நாளில் போனது என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரு நாள் பூரியோ பஜ்ஜியோ இருந்திருக்கும். நல்லெண்ணெய், நெய், தேங்காய் எண்ணெய் எல்லாம் இந்தக் கணக்கில் அடக்கம். நெய்யைத் தனியாக வைத்துக்கொண்டு எண்ணெய் குறைந்துவிட்டது என்று மகிழ்ந்தால் எடை இறங்காது.

சர்க்கரை டப்பாவில் கிடக்கும் குழிவான பெரிய கரண்டியை எடுத்துவிட்டு, 5 மி.லி. அளவு ஸ்பூனைப் போடுங்கள்; தலை தட்டி எடுத்தால் 4 கிராம் வரும்.

தின்பண்டங்களுக்கு ஒரே இடம்

மேடையில் ஒன்று, டிவி பக்கத்தில் ஒன்று, பிரிட்ஜ் கதவில் சாக்லேட், அலுவலகப் பையில் கடலை மிட்டாய் என்று ஐந்தாறு இடங்களில் பரவியிருப்பதை முதலில் ஒன்றாகக் கொண்டுவந்து மேசையில் குவியுங்கள். நமுத்துப்போனதையும் தேதி கடந்ததையும் கழியுங்கள். ‘வீணாகக் கூடாது’ என்று அவற்றைத் தின்று தீர்ப்பதும் வீணாக்குவதுதான்.

மீதியை எவர்சில்வர் டப்பாவில் போடுங்கள். கண்ணாடி ஜாடியும் வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவும் வேண்டாம். உள்ளே இருப்பது தெரியும்போது கை தானாகப் போகும். டப்பாவைக் கண் மட்டத்துக்கு மேலே, முடிந்தால் சமையலறைக்கு வெளியே ஓர் அலமாரியில் வையுங்கள்.

இங்கே பலருக்குச் சறுக்குவது ஒன்று உண்டு. பரணில் ஏற்றிய பெரிய டின்னை ஒரு நாள் முக்காலி போட்டு இறக்குவார்கள். இவ்வளவு பாடுபட்டு இறக்கிவிட்டு உடனே ஏற்ற மனம் வராது. மூன்று நாள் மேடையிலேயே இருக்கும். அதனால் அரை கிலோ மிக்சர் வாங்கிய அன்றே 30 கிராம் வீதம் பதினாறு சிறு பொட்டலமாகப் பிரித்துவிடுங்கள். ஒரு பொட்டலம் 150 கலோரிக்குச் சற்று மேலே வரும். வேண்டும்போது ஒரு பொட்டலம் மட்டும் இறங்கி, கிண்ணத்தில் கொட்டப்பட வேண்டும். டப்பா இடத்தை விட்டு நகரக் கூடாது. தீபாவளிக்கு நாலு வீட்டிலிருந்து வரும் பலகாரத்தை வந்த அன்றே பங்கு பிரித்துக் கொடுத்துவிடுங்கள். வாரம் கழித்துக் கொடுத்தால் வாங்குகிறவருக்கும் மரியாதையாக இருக்காது.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் பூட்டுப் போட வேண்டாம். கட்டுப்படுத்திய பண்டத்தின் மேல் பிள்ளைகளுக்கு ஆசை கூடுகிறது என்பது சோதித்துப் பார்த்த விஷயம். மாலை ஐந்து மணிக்கு இன்னது உண்டு என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் தேடல் குறையும். மாமனார் மாமியாரின் பிஸ்கட் டப்பாவையும் அவர்களைக் கேட்காமல் இடம் மாற்றாதீர்கள். அவர்கள் அறையிலேயே இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் ஒளித்து வைக்கக் கூடாது. இன்சுலின் போடுகிறவர்கள், சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இருக்கும் வீட்டில் குளுக்கோஸ் பாக்கெட்டோ சர்க்கரையோ நள்ளிரவில் இருட்டிலும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அந்த இடம் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பிரிட்ஜ்

கண் மட்டத் தட்டில் பெரும்பாலான வீடுகளில் மாவுப் பாத்திரம் உட்கார்ந்திருக்கும். காய்கறியோ அடியில் இருக்கும் டிராயரில், கண்ணுக்குத் தெரியாமல் அழுகும். இரண்டையும் இடம் மாற்றுங்கள். மாவு கீழே, நறுக்கிய வெள்ளரி, கேரட், கழுவிய கொய்யா, மோர், வேகவைத்த சுண்டல் கண்ணெதிரே. 50 கிராம் கொண்டைக்கடலை ஊறி வெந்தால் 100 கிராமுக்கு மேல் வரும். சுமார் 180 கலோரி, 10 கிராம் புரதம். மாலைப் பசிக்கு மிக்சர் இருந்த இடத்தில் இது நிற்கும், ஆனால் தயாராக வெந்து இருந்தால் மட்டுமே. ஊறாத கடலை டப்பாவில் இருப்பதால் ஒரு பயனும் இல்லை. முந்தின இரவே ஊறப் போடுங்கள்.

மிச்சம் வைத்த உணவு தட்டின் முன்பக்கம், தேதி எழுதிய ஒட்டுத்தாளோடு. சாதத்தை வடித்த இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்து, மறுநாளைக்குள் ஒரே முறை நன்றாகச் சூடாக்கித் தீர்த்துவிடுங்கள். சமைத்தவர் கடைசியில் உட்கார்ந்து, பாத்திரத்தில் ஒட்டியிருப்பதையும் பிள்ளை தட்டில் வைத்ததையும் சாப்பிட்டு முடிக்கும் வழக்கம் இருந்தால், அதில் 100 கிராம் சாதம் 130 கலோரி என்று கணக்கு வையுங்கள். பரிமாறும் முன்பே ஒரு சிறு டப்பாவை மேடையில் திறந்து வைத்து, மீதியை அதில் எடுத்து மூடிவிடுவது இதற்கு நல்ல வழி. நாளுக்கு நாள் மீந்தால் அரிசி அளவைக் குறைக்க வேண்டும். 150 மி.லி. டம்ளர் தலைதட்டினால் சுமார் 125 கிராம் அரிசி. வெந்தால் 350 கிராம் அளவுக்கு வரும். அது இருவருக்கு ஒரு வேளைக்குப் போதும், கூடவே ஒரு கூட்டும் ஒரு பொரியலும் இருந்தால்.

சாப்பிடும் இடம்

சாப்பாட்டு மேசை மேல் இஸ்திரித் துணி, மருந்துப் பை, மின்கட்டண ரசீது, பள்ளிப் புத்தகம் கிடந்தால் தட்டு சோபாவுக்குப் போகும். சோபா முன்னால் டிவி. மேசையில் வந்து சேரும் சாமானுக்கு ஒரு கூடை வையுங்கள். அதில் போட்டு, நாளுக்கு ஒருமுறை பிரித்து வையுங்கள். மேசை இல்லாத வீட்டில் தரையில் ஒரு பாய் விரிக்கும் இடம் போதும், டிவிக்கு முதுகு காட்டி.

நடக்க, தூங்க

ஆறடிக்கு மூன்றடி தரை காலியாக இருந்தால் வீட்டிலேயே உடற்பயிற்சி செய்யலாம். டிரெட்மில்லில் துணி காய்ந்தால் முதலில் ஒரு கொடி கட்டுங்கள். நடைபயிற்சி ஷூவைச் செருப்பு ரேக்கின் அடியிலிருந்து எடுத்து வாசல் ஓரம், சாக்ஸோடு வையுங்கள். படுக்கையில் மடிக்காத துணியைக் குவிக்காதீர்கள். தூக்கம் குறைந்தால் மறுநாள் பசி கூடும்.

இரவு பத்து நிமிடம்

இதை விட்டுவிட்டால் பத்து நாளில் எல்லாம் பழையபடி ஆகும். தொட்டியில் பாத்திரம் தேங்கக் கூடாது. அந்த இரண்டடியைத் துடைக்க வேண்டும். நாளைக்கான பயறை ஊறப் போட வேண்டும். மூன்றும் முடிந்தால் படுக்கலாம். மாத மளிகை லிஸ்ட் எழுதும் முன் டப்பாக்களைத் திறந்து பாருங்கள். அடைசலில் மறைந்த சேமியா பாக்கெட்டே இரண்டு இருக்க, மூன்றாவது வந்து சேர்வது இப்படித்தான். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று வரும் பிஸ்கட்டுக்கு அந்த ஒரே டப்பாவில் இடம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால் வாங்க வேண்டாம்.

வாரம் ஒருமுறை, அதே நாளில், அதே நேரத்தில் எடை பாருங்கள். வாரத்துக்குக் கால் கிலோ முதல் அரை கிலோ வரை இறங்கினால் நல்ல வேகம். நான்கு வாரமாகியும் அசைவே இல்லையென்றால் எண்ணெய் பாட்டிலையும் வெளியில் சாப்பிட்ட வேளைகளையும் மறுபடி எண்ணுங்கள். அதுவும் சரியாக இருந்தால் தைராய்டு பரிசோதனைக்கும், எடையைக் கூட்டும் மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்கவும் மருத்துவரைப் பாருங்கள்.

பழைய பொருளில் ஒன்றைக்கூடக் கழிக்க முடியாமல் தவிப்பு வந்தாலோ, வாரக்கணக்கில் எழுந்து எதையும் செய்யத் தோன்றவில்லை என்றாலோ அதைச் சோம்பல் என்று திட்டாதீர்கள். மனச்சோர்வாகவோ பொருள் சேர்க்கும் மனநோயாகவோ இருக்கலாம், இரண்டுக்கும் சிகிச்சை உண்டு. இந்தியாவில் எங்கிருந்தும் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள்.