நெபுலா படங்கள்: ‘எல்லாம் போலி நிறம்’ என்று சொல்வதற்கு முன்

கழுகு நெபுலா என்னும் விண்வெளி வாயு, தூசு மேகத்தில் உள்ள ‘படைப்பின் தூண்கள்’ படத்தை ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி 1995இல் எடுத்தது. யாரிடம் காட்டினாலும் அநேகமாக இரண்டு பதில்களில் ஒன்று வரும்: ‘விண்வெளி இவ்வளவு வண்ணமயமா!’ அல்லது ‘கணினியில் தீட்டியது.’ இரண்டுமே தவறு. இரண்டாவதில் கொஞ்சம் கர்வமும் கலந்திருக்கிறது.

ஹப்பிளின் கேமரா பதிவு செய்வது கறுப்பு வெள்ளையில்தான். வடிகட்டிகளை மாற்றி மாற்றி வைத்து, ஒவ்வொரு தனிமத்தின் ஒளியையும் தனித்தனியாகப் பிடிக்கிறார்கள். இந்தப் படத்தில் கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம். ஹைட்ரஜன் அங்கே உமிழ்வது சிவப்பு ஒளியாயிற்றே, ஏன் பச்சை? கந்தகத்தின் ஒளியும் சிவப்புதான். ஹைட்ரஜனுடையதன் அலைநீளம் 656 நானோமீட்டர், கந்தகத்துடையது 672. உள்ளபடி விட்டால் எது எதுவென்று கண்ணுக்குத் தெரியாது. அலைநீள வரிசையைக் குலைக்காமல் நிறங்களை விலக்கி வைத்திருக்கிறார்கள், அவ்வளவே. வரைபடத்தில் மாவட்டத்துக்கு ஒரு நிறம் கொடுப்பதை யாரும் பொய் என்பதில்லை.

அதற்காக, பக்கத்தில் போனால் இப்படியே ஜொலிக்கும் என்றும் நினைக்க வேண்டாம். நெருங்க நெருங்க நெபுலா பெரிதாகத் தெரியுமே தவிர, அதன் பரப்பு பிரகாசமாகாது. வெறும் கண்ணுக்கு மங்கிய சாம்பல் படலம்தான்.

கரிய இடத்தை வெற்றிடம் என்று எண்ணுவதும் சகஜம். தூண்களில் இருட்டாகத் தெரிவது பின்னாலிருக்கும் ஒளியை மறைக்கும் தூசு. 2022இல் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் எடுத்தபோது, அதே தூசினூடே ஏராளமான விண்மீன்கள் தெரிந்தன. உடனே ‘ஹப்பிள் படம் பழசு’ என்றார்கள். எக்ஸ்ரே எடுத்தோம் என்பதற்காக முகம் தெரியும் படத்தைக் கிழித்துப்போடுவோமா?

விண்மீன்களைச் சுற்றியுள்ள கூர்முனைகள் விண்மீனுடையவை அல்ல, தொலைநோக்கியுடையவை. ஹப்பிளில் நான்கு, வெப்பில் ஆறு பெரியவை, இரண்டு சிறியவை. எந்தத் தொலைநோக்கி எடுத்த படம் என்பதை இவற்றை எண்ணியே சொல்லிவிடலாம். 1995 படத்தின் ஒரு மூலை படிக்கட்டு போல வெட்டுண்டிருப்பதும் எதையோ ஒளிப்பதற்காக அல்ல: ஹப்பிளின் அந்தக் கேமராவுக்குள் இருந்த நான்கு சிறு கேமராக்களில் ஒன்று அதிக உருப்பெருக்கம் கொண்டது, மற்றவற்றோடு பொருத்தச் சுருக்கியதில் அந்த இடம் காலியாயிற்று.

கைபேசிக்கு யாரோ அனுப்பிய சுருங்கிய பிரதியோடு நின்றுவிடாதீர்கள். நாசா தளத்தில் முழு அளவுப் படம் இலவசமாகக் கிடைக்கிறது. அதைப் பெரிதாக்கித் தூணின் உச்சியைப் பாருங்கள். விரல் நுனிபோலச் சின்னச் சின்ன முண்டுகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவை ஒவ்வொன்றும் நம் சூரியக் குடும்பத்தைவிடப் பெரியவை.