சம்பள ஒப்பந்தம் பேசப் போகும் புதிய கமிட்டிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகத் தேர்வான சங்கக் கமிட்டி நிர்வாகத்தோடு பேச உட்காரும்போது பெரும்பாலும் கையில் இருப்பது ஒரே ஓர் எண்தான்: பக்கத்துக் கம்பெனியில் எவ்வளவு வாங்கினார்கள் என்பது. ஸ்ரீபெரும்புதூர், ஓரகடம், ஓசூர் என எந்தப் பக்கம் போனாலும் இதே நிலைதான். ஹெச்.ஆர். அறைக்குத் தனியாகப் போகாதே, பேசியதை மினிட்ஸில் ஏற்று, வாய்வார்த்தையை நம்பாதே என்பதெல்லாம் நேற்று சங்கத்தில் சேர்ந்தவருக்கும் தெரியும். விவரம் தெரிந்தவர்களே சறுக்கும் இடங்களை மட்டும் பார்ப்போம்.

ஒரு குறிப்பு. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்து, 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்தின் பிரிவு எண்கள் மாறிவிட்டன. ஆலைகளில் இன்னும் பழைய எண்களைச் சொல்லித்தான் பேசுகிறார்கள் என்பதால் இங்கேயும் அப்படியே.

மொத்தத் தொகையை முடித்துவிட்டு எழுந்து வருவது

இதுதான் பெரிய தவறு. எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பதும் இதுதான். “மாசம் ஒன்பதாயிரம் உயர்வு முடிச்சிட்டோம்” என்று கேட் மீட்டிங்கில் அறிவிப்பார்கள், பட்டாசு வெடிக்கும். மூன்றாம் மாதம் சம்பளச் சீட்டோடு ஒவ்வொருவராக வந்து “எங்கே அந்த ஒன்பதாயிரம்?” என்று கேட்பார்கள்.

முதலில், அந்த ஒன்பதாயிரம் எதன் மேல்? சி.டி.சி. (ஓர் ஆளுக்கு நிர்வாகம் செய்யும் மொத்தச் செலவு) கணக்கு என்றால் நிர்வாகம் கட்டும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பங்கு 12 சதவீதம், கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) ஒதுக்கும் 4.81 சதவீதம், இன்சூரன்ஸ் பிரீமியம் எல்லாம் அதற்குள்ளேயே அடங்கிவிடும். சில இடங்களில் பஸ், கேன்டீன் செலவைக்கூடச் சேர்ப்பார்கள். “மாதச் சம்பளச் சீட்டில் வரும் மொத்தச் சம்பளத்தில் உயர்வு” என்று எழுதி வாங்காத எண்ணுக்கு மதிப்பே இல்லை.

அடுத்து, எந்த ஆண்டு எவ்வளவு? மூன்றாண்டு ஒப்பந்தத்தில் 3,000, 3,000, 3,000 என்று பிரித்தால் 36 மாதத்தில் ஒருவருக்குக் கிடைப்பது 2,16,000 ரூபாய். அதையே 4,500, 2,500, 2,000 என்று பிரித்தால் 2,46,000. இரண்டுமே ‘ஒன்பதாயிரம்’தான், ஆனால் தலைக்கு 30,000 ரூபாய் வித்தியாசம். அதே ஒன்பதாயிரத்தை நான்காண்டுக்கு இழுத்தால் ஆண்டுக்கு 2,250-தான். கடைசி நிமிடத்தில் ஒப்பந்தக் காலத்தை நீட்டக் கேட்பது இதற்காகத்தான்.

மூன்றாவதுதான் உயிர்நாடி: எந்தத் தலைப்பில் எவ்வளவு? அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,000, மற்ற படிகள் 10,000 வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஒன்பதாயிரத்தில் 6,300 அடிப்படையில் சேர்ந்தால் அது 21,300 ஆகும். 2,700 மட்டும் சேர்ந்து மீதி ‘சிறப்புப் படி’யில் போனால் 17,700. கையில் வருவது கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால் யாரும் கவனிப்பதில்லை. ஆனால் கிராஜுவிட்டி, கடைசிச் சம்பளத்தை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, பணி ஆண்டுகளால் பெருக்கி வருவது. இருபது ஆண்டு வேலை செய்தவருக்கு அந்த 3,600 ரூபாய் வித்தியாசம் 41,500-க்கு மேல் இழப்பு. விடுப்புச் சம்பளம் அடிப்படையை வைத்தே கொடுக்கப்படும் ஆலைகளில் அதிலும் அடி. அடுத்த ஒப்பந்தத்தை ‘அடிப்படையில் இத்தனை சதவீதம்’ என்று பேசினால் அங்கேயும் குறையும்.

படிகள் மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால், மிஞ்சியது சம்பளமாகவே கருதப்படும் என்ற புதிய விதி காப்பாற்றும் என்று சிலர் நினைக்கிறார்கள். மேலே சொன்ன கணக்கில் காப்பாற்றாது. பழைய 25,000-உம் உயர்வு 9,000-உம் சேர்ந்த 34,000-இல் 17,700 பாதிக்கு மேலேயே இருக்கிறது.

பி.எஃப்-இல் இன்னொரு முடிச்சு. நிர்வாகம் 15,000 ரூபாய் உச்சவரம்புக்கு மட்டும் கட்டினால், அதாவது மாதம் 1,800-உடன் நிறுத்திக்கொண்டால், அடிப்படை எவ்வளவு ஏறினாலும் அதன் பங்கு ஒரு ரூபாய்கூட ஏறாது. ‘உண்மையான அடிப்படை மற்றும் பஞ்சப்படி மீது’ என்று ஒப்பந்தத்தில் தனி ஷரத்து இருந்தால்தான் அந்த 3,600-க்கு மாதம் 432 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும்.

இதில் மிக மோசமானது வருகை ஊக்கத்தொகை. உயர்வில் 1,500-ஐ அந்தத் தலைப்பில் வைத்துவிட்டு, மாதத்தில் ஒரு நாள் விடுப்பு எடுத்தாலும் முழுத் தொகையும் போகும் என்று நிபந்தனை போடுவார்கள். அதைச் சம்பள உயர்வுக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

“அண்ணே, முதல்ல தொகை முடியட்டும், பிரிக்கிறதை அப்புறம் பார்த்துக்கலாம்” என்பார்கள். தொகை வெளியே தெரிந்த அன்றே தொழிலாளர்களின் வேகம் தணிந்துவிடும். அதற்குப் பிறகு பிரிப்பை நிர்வாகத்தின் எக்செல் தாள்தான் தீர்மானிக்கும். எனவே தொகையும் பிரிப்பும் ஒரே அமர்வில் முடிய வேண்டும். புதியவர், பத்தாண்டு முடித்தவர், ஓய்வுபெற இருப்பவர் என மூவரின் சம்பளச் சீட்டை எடுத்து, ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொரு தலைப்பும் எப்படி மாறும் என்று நீங்களே எழுதிப் பாருங்கள். அந்தத் தாளை ஒப்பந்தத்தின் இணைப்பாகச் சேர்த்து இருதரப்பும் கையெழுத்திட வேண்டும்.

21,000 ரூபாய்க் கோடு

20,400 வாங்குபவருக்கு 2,000 உயர்ந்தால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) வரம்பான 21,000-ஐத் தாண்டிவிடுவார். பிடித்தம் நடப்புப் பங்களிப்புக் காலம் (ஏப்ரல்–செப்டம்பர் அல்லது அக்டோபர்–மார்ச்) முடியும்வரை ஓடும், உதவிகள் அதற்குரிய பலன் காலம் முடியும்வரை கிடைக்கும், அதோடு சரி. பிடித்தம் 153 ரூபாய் மிச்சம் என்று மகிழ்வார்கள். குடும்பத்துக்கான சிகிச்சையும், ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளத்தோடு கிடைத்த நோய்க்கால உதவியும் போனது, யாராவது ஆஸ்பத்திரியில் படுத்த பிறகுதான் தெரியும். எத்தனை பேர் கோட்டைத் தாண்டுகிறார்கள் என்று முன்கூட்டியே எண்ணி, அவர்களுக்கு மருத்துவக் காப்பீட்டை அதே ஒப்பந்தத்தில் கேளுங்கள். தொகை, பெற்றோர் சேர்ப்பு, பிரீமியம் யார் கட்டுவது என மூன்றையும் எழுதுங்கள்.

சட்டப்படியான போனஸுக்கும் 21,000-தான் வரம்பு. முன்பு பார்த்த 21,300 கோட்டுக்கு வெளியே போய்விடுகிறது. அதற்காக அடிப்படையைக் குறைக்க ஒப்புக்கொள்ள வேண்டாம். வரம்பைத் தாண்டியவர்களுக்கும் அதே விகிதத்தில் கருணைத்தொகை உண்டு என்ற ஒரு வரி போதும்.

டார்கெட்டை உரைநடையில் எழுதுவது

“உற்பத்தித்திறன் மேம்பாட்டுக்குத் தொழிற்சங்கம் முழு ஒத்துழைப்பு அளிக்கும்.” வரைவில் இந்த வரி வந்தால் அடித்துவிட்டு எண்ணைக் கேளுங்கள். எந்த லைன், எந்த மாடல், ஷிஃப்டுக்கு எத்தனை பீஸ், எத்தனை ஆட்கள்? டை மாற்றும் நேரம், மெஷின் பழுது, மெட்டீரியல் தட்டுப்பாடு ஆகியவை கழிக்கப்படுமா? 12 சதவீதம் கூட்டித் தருகிறோம் என்றால் எந்த மாதத்துச் சராசரி மேல்? ஆள் எண்ணிக்கையை எழுதாமல் விட்டால் ஆறு பேர் லைனில் நாலு பேரை நிறுத்தி அதே டார்கெட்டைக் கேட்பார்கள். கொடுக்காதவருக்கு மெமோ வரும், அதற்கு ஆதாரம் நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தமாகவே இருக்கும்.

18(1)-ஆ, 12(3)-ஆ

நிர்வாகத்தோடு நேரடியாகப் போடும் இருதரப்பு ஒப்பந்தம், அதாவது 18(1), கையெழுத்திட்டவர்களையும் அவர்கள் உறுப்பினர்களையும்தான் கட்டுப்படுத்தும். தொழிலாளர் துறையின் சமரச அதிகாரி முன்னால் போடும் 12(3) எல்லாத் தொழிலாளர்களையும், நாளை வேலைக்குச் சேர்பவரையும்கூடக் கட்டுப்படுத்தும். இதில் நல்லதும் கெட்டதும் உண்டு. பழைய சட்டத்தில் சிறிய சங்கம் ஒன்று போட்ட மட்டமான 12(3)-உம் எல்லார் தலையிலும் விழும். இப்போது வருகைப் பதிவேட்டில் உள்ளவர்களில் 51 சதவீதம் கொண்ட சங்கமே பேச்சுவார்த்தைச் சங்கம். அப்படி எதுவும் இல்லாவிட்டால் 20 சதவீதம் உள்ள சங்கங்கள் சேர்ந்த குழு. கோரிக்கை மனுவுக்கு முன் உறுப்பினர் பதிவேட்டைச் சரிசெய்யுங்கள்.

அரியர்ஸ்

முன்தேதியிலிருந்து வர வேண்டிய நிலுவை “கையெழுத்து நாளில் பணியில் உள்ளவர்களுக்கு” என்று எழுதினால், இடையில் ஓய்வுபெற்றவருக்கும் இறந்தவர் குடும்பத்துக்கும் எதுவும் வராது.

ஐம்பது கோரிக்கைகள்

மனுவில் ஐம்பது கோரிக்கைகளை அடுக்கினால் கேன்டீன் முட்டையும் செருப்பும் முதல் வாரமே கிடைத்துவிடும். சம்பளம் மூன்றாம் மாதம்தான் பேச்சுக்கு வரும்.

கோபத்தில் கூட்டு விடுப்பு

இப்போது பாதிப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தம்தான். வேலைநிறுத்தத்துக்கு எல்லா ஆலைகளிலும் 14 நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும். சமரசப் பேச்சு நடக்கும்போதும், முடிந்து ஏழு நாள் வரையிலும் கூடாது.

முடிந்த தேதியை முடிவென்று நினைப்பது

ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் ஒப்பந்தம் தானாகச் சாகாது. முறித்துக்கொள்கிறோம் என்று எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து 60 நாள் ஆகும்வரை பழைய ஷரத்துகள் உயிரோடு இருக்கும். காலம் முடிந்ததும் நோட்டீஸைக் கொடுத்து, நகலில் தேதியும் அலுவலக முத்திரையும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒரு பிரதியைத் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள்.