தவணை தவறிய பிறகு: வசூல் ஆள், வக்கீல் நோட்டீஸ், அரசு பாக்கி – எதற்கு என்ன செய்வது

தவணை நின்றுபோன வீட்டில் எல்லோரும் பயப்படுவது வாசலில் சத்தம் போடும் வசூல் ஆளுக்குத்தான். சட்டப்படி பார்த்தால் இந்த விவகாரத்தில் மிகக் குறைந்த அதிகாரம் உள்ளவர் அவரே. வீட்டையோ சம்பளத்தையோ அவரால் தொட முடியாது. அந்த வலிமை, பிரிக்காமல் அலமாரியில் கிடக்கும் உறைகளுக்கு உண்டு. ஆளுக்குப் பயந்து கையில் இருப்பதைக் கொடுத்துவிட்டு, கெடு ஓடிக்கொண்டிருக்கும் உறையைக் கண்டுகொள்ளாமல் விடுவதால்தான் பலர் வீட்டை இழக்கிறார்கள். வந்த தாள் எது, அதற்கு எத்தனை நாள் கெடு என்பதைப் பார்த்து நடப்பதுதான் கீழே சொல்லப்போவதன் சாரம்.

முதலில் ஒரு நோட்டில் எல்லாக் கடன்களையும் எழுதுங்கள். கடன் கொடுத்தது யார், அடமானம் உண்டா, ஜாமீன்தாரர் யார், கடைசியாகப் பணம் கட்டிய தேதி எது, காசோலை அல்லது தானியங்கிப் பிடித்தத்துக்கு ஒப்புதல் கொடுத்திருக்கிறீர்களா என்று ஐந்து விவரம் போதும். நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் (சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க்) ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். அதை எடுத்து நோட்டோடு ஒப்பிடுங்கள். நீங்கள் வாங்காத கடன் அதில் இருந்தால் இப்போதே எழுத்தில் ஆட்சேபியுங்கள். திருத்தம் 30 நாளைத் தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

பணம் போதாதபோது யாருக்கு முதலில்? சாப்பாடு, வாடகை, மின்கட்டணம் போக மிஞ்சுவதில், வீடோ வண்டியோ நகையோ அடமானம் உள்ள கடனுக்கு முதலிடம். அடுத்து, காசோலை கொடுத்திருக்கும் கடன். அடமானம் இல்லாத தனிநபர் கடனும் கிரெடிட் கார்டும் அதற்குப் பிறகு. அதிகம் போன் செய்பவருக்கு முதலில் கட்டுவது இந்த வரிசையைக் குலைத்துவிடும்.

தவணை 90 நாள் நிலுவையில் நின்றால் வங்கி அதை வாராக்கடனாக வகைப்படுத்தும். அதற்கு முன்பே கிளைக்கு எழுதுங்கள்: வருமானம் குறைந்த காரணம், ஆதாரம், மாதம் எவ்வளவு கட்ட முடியும், எத்தனை மாதம் நீட்டிப்பு வேண்டும். தொகையைக் குறிப்பிடாமல் ‘கொஞ்சம் அவகாசம் கொடுங்கள்’ என்று எழுதும் கடிதத்தால் பயன் இல்லை. இன்னொன்று: கடன் உள்ள அதே வங்கியில் சம்பளக் கணக்கும் இருந்தால், நிலுவைக்காக அந்தக் கணக்கிலிருந்து பணத்தை எடுத்துக்கொள்ள வங்கி முயலும். சம்பளத்தை வேறு வங்கிக்கு மாற்றிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. கலைஞர் மகளிர் உரிமைத் தொகையைக் கடனுக்கோ சேவைக் கட்டணத்துக்கோ பிடிக்கக் கூடாது என்று திட்டம் தொடங்கிய 2023-லேயே தமிழ்நாடு அரசு வங்கிகளிடம் சொல்லியிருக்கிறது. பிடித்திருந்தால் கிளை மேலாளரிடம் எழுத்தில் திரும்பக் கேளுங்கள்.

வசூல் ஆள் வந்தால்

2022 ஆகஸ்ட் 12 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை தெளிவாக இருக்கிறது. நிலுவைக் கடனுக்காகக் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது. மிரட்டக் கூடாது, நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தக் கூடாது, குடும்பத்தாரையும் நண்பர்களையும் தொந்தரவு செய்யக் கூடாது, பொய்யான தகவல் சொல்லக் கூடாது. ஏஜெண்ட் தவறு செய்தால் அதற்கு வங்கியே பொறுப்பு. ‘அது வெளி ஏஜென்சி சார், எங்களுக்குத் தெரியாது’ என்ற பதில் செல்லாது. வங்கிகளுக்கு மட்டுமின்றி ரிசர்வ் வங்கியில் பதிவான நிதி நிறுவனங்களுக்கும் இந்த விதிகள் பொருந்தும்.

வருபவரிடம் வங்கி கொடுத்த அதிகாரக் கடிதமும் அடையாள அட்டையும் இருக்கவேண்டும். இரண்டையும் கேட்டுப் போட்டோ எடுத்துக்கொண்ட பிறகே பேசுங்கள். காட்ட மறுத்தால், ‘வங்கியிடம் எழுத்தில் பேசிக்கொள்கிறேன், நீங்கள் கிளம்பலாம்’ என்பது போதும். வீட்டுக்குள் விடவேண்டிய கட்டாயம் இல்லை. குரலை உயர்த்தாதீர்கள். நீங்கள் திட்டியது மட்டும் அவர் போனில் பதிவாகும்.

அவரிடம் செய்யவே கூடாதவை சில உண்டு. ரசீது இல்லாமல் ரொக்கமோ, அவருடைய சொந்த எண்ணுக்கு ஜிபேயோ கூடாது, அந்தப் பணம் கணக்கில் ஏறாது. எதைக் கட்டினாலும் கடன் கணக்கு எண்ணுக்கே நேரடியாகக் கட்டுங்கள். வெற்றுத் தாளிலும் பத்திரத்திலும் கையெழுத்து வேண்டாம். பின்தேதியிட்ட காசோலை கொடுக்கவே வேண்டாம். சிவில் விவகாரமாக இருக்கும் கடனை அது குற்ற வழக்காக மாற்றக்கூடும், காரணம் கீழே வருகிறது. ஏ.டி.எம். கார்டு, ஆதார், ரேஷன் கார்டு எதையும் பிணையாக விட்டுவைக்காதீர்கள். ‘ரேஷன் கார்டை முடக்கிவிடுவோம்’ என்று மிரட்டுவது வெறும் பேச்சு. கடன் கொடுத்தவருக்கு அந்த அதிகாரம் கிடையாது.

ஒவ்வொரு அழைப்புக்கும் தேதி, நேரம், எண், பேசியவர் பெயர், சொன்ன வார்த்தை ஆகியவற்றைக் குறித்துவையுங்கள். பிறகு வங்கியின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சலும் விரைவுத் தபாலும் அனுப்புங்கள். கடிதம் இவ்வளவு இருந்தால் போதும்:

‘கடன் கணக்கு எண் ______. ______ தேதி இரவு ______ மணிக்கு ______ என்ற எண்ணிலிருந்து உங்கள் வசூல் ஏஜெண்ட் என்று சொல்லிக்கொண்டவர் என் சகோதரியை அழைத்து மிரட்டினார். அழைப்புப் பட்டியலும் பதிவும் இணைப்பில். இது ரிசர்வ் வங்கியின் 12.08.2022 சுற்றறிக்கைக்கு முரணானது. ஏஜென்சியின் பெயரையும் அதிகாரக் கடித நகலையும் தருக. இனி என்னுடன் எழுத்து மூலமாகவோ, என் எண்ணில் காலை 10 முதல் மாலை 5 மணிக்குள்ளோ மட்டும் தொடர்புகொள்க. இந்தப் புகார் முடியும்வரை என் கணக்கை வசூல் ஏஜென்சியிடம் கொடுக்க வேண்டாம்.’

கடைசி வரியை விடாமல் எழுதுங்கள். புகார் நிலுவையில் இருக்கும்போது, நீங்கள் தொடர்ந்து அற்பமான புகார்களே கொடுக்கிறீர்கள் என்று வங்கி ஆதாரத்தோடு உறுதியாகக் கருதினாலன்றி, கணக்கை ஏஜென்சிக்கு அனுப்பக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2008-லேயே சொல்லிவிட்டது.

பதில் 30 நாளில் வரவில்லை, அல்லது வந்த பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஓம்பட்ஸ்மனிடம், சி.எம்.எஸ். என்ற அதன் இணையப் புகார் தளத்தில் புகார் கொடுங்கள். கட்டணம் இல்லை, உதவி எண் 14448. வங்கிக்கு முதலில் எழுதாமல் நேரே போவதும், வக்கீல் மூலம் தாக்கல் செய்வதும், அதே விஷயம் நீதிமன்றத்தில் இருக்கும்போது கொடுப்பதும் புகார் தள்ளுபடியாகும் வழக்கமான காரணங்கள். ஓம்பட்ஸ்மன் தொல்லையை விசாரிப்பார், தவறாகப் போட்ட கட்டணம் பற்றிய புகாரையும் கேட்பார். அசலைக் குறைத்துத் தரச்சொல்லி அவரிடம் போவதில் பயன் இல்லை.

கைவைத்தாலோ வீடு புகுந்தாலோ அது போலீஸ் விஷயம். புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். போட்டோவை மார்ஃபிங் செய்து அனுப்பும் கடன் ஆப்கள் என்றால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். அந்த ஆப்களுக்கு மேலும் பணம் அனுப்பினால் மிரட்டல் கூடுமே தவிர நிற்காது. தெருவில் வட்டிக்கு விடுபவரானால் தமிழ்நாட்டின் 2003 கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. கொடுத்ததையும் வாங்கியதையும் தேதிவாரியாக எழுதிக்கொண்டு காவல் நிலையம் போங்கள்.

உறை வந்தால்

வந்த தேதியை உறைமேலேயே எழுதி, உறையையும் பத்திரப்படுத்துங்கள். கெடு பெரும்பாலும் கையில் கிடைத்த நாளிலிருந்து ஓடும். வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பினால் தப்பலாம் என்ற நினைப்பு தவறு. மறுத்தாலும் கிடைத்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும்.

காசோலை திரும்பியதற்கான நோட்டீஸ்தான் மிக அவசரமானது. மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆம் பிரிவின்படி, நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் காசோலைத் தொகையைக் கட்டிவிட்டால் வழக்கு எழாது. கட்டாவிட்டால் இரண்டு ஆண்டுவரை சிறை, அல்லது தொகையைப் போல் இரு மடங்குவரை அபராதம், அல்லது இரண்டும். தானியங்கிப் பிடித்தம் பணமின்றித் திரும்பினாலும் 2007-ஆம் ஆண்டின் பணப் பரிமாற்றச் சட்டம் 25-ஆம் பிரிவில் இதே தண்டனைதான். அதனால் தவணைத் தேதிக்கு முன்பே வங்கியிடம் பேசுவது முக்கியம்.

அடமானச் சொத்தை நீதிமன்ற வழக்கு இல்லாமலே வங்கி கையகப்படுத்த வழிதருவது சர்ஃபேசி சட்டம். வீட்டுக் கடனில் அதன் 13(2) நோட்டீஸ் வந்தால் 60 நாள் கெடு. பலர் இதை இன்னொரு மிரட்டல் கடிதம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அதற்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால் வங்கி 15 நாளில் காரணத்தோடு பதில் தரவேண்டும். கணக்குத் தவறு, வரவு வைக்காத தவணை, தவறான அபராதம் எல்லாவற்றையும் அதில் எழுதுங்கள். 60 நாள் கழிந்தால் வங்கி சொத்தைக் கையகப்படுத்தலாம். அப்படி நடந்தால் 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகவேண்டும். விவசாய நிலத்தின்மேல் இந்தச் சட்டம் பாயாது. பாக்கித் தொகை, அசலும் வட்டியும் சேர்ந்த மொத்தத்தில் 20 சதவீதத்துக்குக் கீழ் இருந்தாலும் பாயாது.

பண வழக்கின் சம்மன் வந்தால், அது சுருக்க வழக்கா (காசோலை, எழுத்து ஒப்பந்தம் போன்றவற்றை வைத்து விரைவாக முடிக்கும் வழக்கு) என்று முதலில் பாருங்கள். சுருக்க வழக்கில் 10 நாளுக்குள் ஆஜராகவேண்டும். சாதாரண வழக்கில் பதிலுரைக்கு 30 நாள். போகாமல் இருந்தால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு ஆகிவிடும். அதை நீக்கக் கேட்க 30 நாள்தான். மத்தியஸ்தர் (ஆர்பிட்ரேட்டர்) பெயரில் நோட்டீஸ் வந்தால், அவரைக் கடன் கொடுத்த நிறுவனமே தன்னிச்சையாக நியமித்திருக்கிறதா என்று பாருங்கள். 2019-இல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதன் அடிப்படையில் அப்படிப்பட்ட நியமனத்தை எழுத்தில் ஆட்சேபிக்கலாம். பேசாமல் இருந்தால் மத்தியஸ்தர் தரும் தீர்ப்பு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமமாக நிறைவேற்றப்படும்.

காலவரம்பையும் கவனியுங்கள். அடமானமற்ற கடனுக்கு வழக்குப் போட மூன்று ஆண்டு. அந்தக் காலத்துக்குள் ‘பாக்கி உண்மைதான்’ என்று எழுதிக் கையெழுத்திட்டாலோ, ஒரு பகுதியைக் கட்டினாலோ மூன்று ஆண்டு புதிதாகத் தொடங்கும். பழைய கடனுக்கு ‘ஐநூறு ரூபாயாவது போடுங்க’ என்று ஏஜெண்ட் கெஞ்சுவதன் பின்னால் இதுவும் இருக்கலாம். கட்டுவதாக முடிவுசெய்தால் முழு ஏற்பாட்டோடு கட்டுங்கள்.

தீர்ப்பு ஆனாலும் எல்லாவற்றையும் ஜப்தி செய்ய முடியாது. சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் பாதுகாப்பானவை. 31,000 ரூபாய் சம்பளத்தில் அதிகபட்சம் 10,000 பிடிக்கலாம், அதுவும் ஒரே தீர்ப்புக்காக மொத்தம் 24 மாதம்தான். வருங்கால வைப்பு நிதி, அரசு ஓய்வூதியம், உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், தொழிலாளியின் கருவிகள் ஆகியவற்றைத் தொட முடியாது. பணம் இல்லாத ஒரே காரணத்துக்காகச் சிறையில் அடைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1980-லேயே ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் சொல்லிவிட்டது. வசதி இருந்தும் வேண்டுமென்றே ஏமாற்றுபவருக்குத்தான் சிவில் சிறை. பணத் தீர்ப்புக்காகப் பெண்களைக் கைது செய்யவே முடியாது. கடன் வாங்கியவர் இறந்துவிட்டால் வாரிசுகள் தங்களுக்கு வந்த சொத்தின் அளவுக்கே பொறுப்பு. ஜாமீன் போட்டவர் நிலைமை வேறு. அவர் முழுக் கடனுக்கும் பொறுப்பு.

அரசு பாக்கி

வங்கியோடு பேரம் பேசலாம், வரித்துறையோடு அசலில் பேரம் கிடையாது, தவணை கேட்கலாம். வருமான வரிக் கோரிக்கை நோட்டீஸ் வந்தால் 30 நாளில் கட்டவேண்டும், தாண்டினால் மாதம் 1 சதவீத வட்டி. தொகை தவறு என்றால் முதலில் இ-ஃபைலிங் தளத்தில் ‘ஏற்கவில்லை’ என்று காரணத்தோடு பதிவுசெய்து, மேல்முறையீடு போடுங்கள். மேல்முறையீடு நிலுவையில் இருக்க, 20 சதவீதம் கட்டினால் மீதிக்கு வழக்கமாக நிறுத்திவைப்பு கிடைக்கும். ஒன்றும் செய்யாவிட்டால் துறை நீதிமன்றம் போகாமலே வங்கிக் கணக்கை முடக்கலாம். அரசு பாக்கி தனியார் கடனிலிருந்து வேறுபடும் முக்கியமான இடம் இதுதான்.

மின்கட்டண பாக்கிக்கு இணைப்பைத் துண்டிக்கும் முன் 15 நாள் நோட்டீஸ் தரவேண்டும். இரண்டு ஆண்டுக்கு முந்தைய பாக்கியைத் திடீரென்று கேட்டால், அது தொடர்ந்து பில்லில் காட்டப்பட்டதா என்று கேளுங்கள். காட்டாததை வசூலிக்க மின்சாரச் சட்டம் 56(2) இடம் தருவதில்லை. வேறு பல அரசு பாக்கிகள் 1864-ஆம் ஆண்டின் வருவாய் வசூல் சட்டப்படி வருவாய்த் துறை வழியாக ஜப்திக்கு வரும். தாலுகா அலுவலகத்திலிருந்து தாள் வந்தால் நேரில் போய், எந்தத் துறையின் பாக்கி, எந்த உத்தரவு என்று நகல் கேட்டு, தவணைக்கு அங்கேயே மனுக் கொடுங்கள்.

செட்டில்மெண்ட்

போனில் சொன்ன தள்ளுபடிக்கு மதிப்பில்லை. பணம் கட்டும் முன், கடன் எண், மொத்தத் தொகை, கட்டவேண்டிய தேதி, ‘இதோடு கணக்கு முடிகிறது, வழக்குகள் திரும்பப் பெறப்படும்’ என்ற வரி ஆகியவற்றோடு வங்கியின் கடிதம் வாங்குங்கள். ஒரு நாள் தாமதமானாலும் சலுகை ரத்தாகலாம். கையில் உறுதியாகப் பணம் இல்லாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். குறைத்துக் கட்டிய கடன் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று நிற்கும், புதிய கடனுக்கு அது தடை. முடிந்தவர் முழுதாகக் கட்டி ‘குளோஸ்டு’ வாங்குவதே நல்லது.

லோக் அதாலத் அழைப்பு சம்மன் போலத் தோன்றினாலும், அங்கே ஒப்புக்கொள்ளக் கட்டாயம் இல்லை. போவது நல்லது, வட்டியைக் குறைக்கச் சரியான இடம் அது. கையெழுத்திட்டால் மேல்முறையீடு கிடையாது, தீர்ப்புக்குச் சமம். பெண்கள், பட்டியலினத்தவர், மாற்றுத்திறனாளிகள், குறைந்த வருமானத்தினர் ஆகியோருக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணையத்தில் இலவச வக்கீல் உண்டு, எண் 15100.

எந்த வழியும் இல்லாதவருக்கு இருப்பது மஞ்சள் கடுதாசி. சென்னைக்கு வெளியே 1920-ஆம் ஆண்டின் திவால் சட்டப்படியும், சென்னையில் 1909-ஆம் ஆண்டுச் சட்டப்படியும் மனு. சொத்துப் பட்டியல் முழுவதையும் ஒப்படைக்கவேண்டும், ஒன்றை மறைத்தாலும் விடுவிப்பு கிடைக்காமல் போகலாம். அரசு பாக்கியும் மோசடிக் கடனும் இதில் கரையாது.

கடன் முழுதாக முடிந்தபின் தடையில்லாச் சான்று வாங்கி, பத்திரங்களைக் கேளுங்கள். 30 நாளில் தராவிட்டால் நாளுக்கு 5,000 ரூபாய் தரவேண்டும் என்ற விதி 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அடுத்த மாதம் கடன் அறிக்கையை எடுத்து, கணக்கு மூடியதாகப் பதிவாகியிருக்கிறதா என்று சரிபாருங்கள்.