கனவா, நடந்ததா? பிரித்துப் பார்க்க ஒரு வழி

பக்கத்து வீட்டு அக்காவிடம் சீட்டுப் பணம் 2,000 ரூபாயைக் கொடுத்துவிட்டேன் என்று ஒரு வாரம் முழுக்க நம்பியிருந்தேன். அவர் கேட்டபோது பேச்சு தடித்துவிட்டது. பணம் அரிசி டப்பாவுக்குள் அப்படியே இருந்தது. நான் கொடுத்தது கனவில்.

சென்னை தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் துறைமுகத்துக்கு நைட் ஷிப்ட் போகிறவர்கள் சிலருக்கும் இந்தக் குழப்பம் உண்டு. வானத்தில் பறக்கிற கனவு யாரையும் ஏமாற்றாது. கரண்ட் பில் கட்டுவது, குடத்தில் தண்ணீர் பிடிப்பது மாதிரியான கனவுதான் நினைவோடு கலந்துவிடும். கனவு அதிகம் வரும், மூடிய கண்கள் வேகமாக அசையும் கட்டத்துக்கு ரெம் தூக்கம் என்று பெயர்; அதில், எது நிஜம் என்று சரிபார்க்கிற வேலையைச் செய்யும் மூளையின் முன்பகுதி அடங்கியிருக்கும். விடியலை நெருங்க நெருங்க அந்தத் தூக்கம் நீளும்.

படி 1: விழித்ததும் அசையாமல் படுத்தபடியே கனவை நினைத்துப் பாருங்கள். உடனே நோட்டில் இரண்டு வரி, மேலே 'கனவு' என்று ஒரு சொல். எழுத முடியாவிட்டால் போனில் பேசிப் பதியுங்கள். இதைத் தள்ளிப் போடாதீர்கள். கதை மறந்துபோய், 'கொடுத்துவிட்டேன்' என்ற எண்ணம் மட்டும் தங்கிவிடுவதுதான் ஆபத்து.

படி 2: சந்தேகம் வந்தால் முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். நிஜ நினைவில் இடமும் நேரமும் கூடுதலாக ஒட்டியிருக்கும் என்று உளவியல் ஆய்வாளர்கள் மார்சியா ஜான்சனும் கரோல் ரேயும் 1981-இல் எழுதினார்கள். எனக்கு அக்காவின் முகம் தெளிவாக இருந்தது. ஆனால் மாடிப்படி இறங்கினேனா, கொடுத்த பிறகு எங்கே போனேன்? ஒன்றுமே இல்லை. தெளிவை மட்டும் நம்பாதீர்கள், கனவும் தெளிவாகத்தான் இருக்கும்.

படி 3: தலைக்கு வெளியே தடயம் தேடுங்கள். சீட்டு நோட்டு, பேங்க் எஸ்எம்எஸ், கால் லிஸ்ட். ஆளிடம் கேட்பதானால் "கொடுத்தேனே" என்று ஆரம்பிக்காமல், "அக்கா, கொடுத்தேனா?" என்று கேளுங்கள். நான் அப்படிக் கேட்டிருந்தால் அவர் மனம் நொந்திருக்காது.

தடயம் கிடைக்கவில்லையா? சரி, 'தெரியவில்லை' என்று எழுதி விட்டுவிடுங்கள். மனதில் திரும்பத் திரும்ப ஓட்டினால் நடக்காததும் நடந்த மாதிரி இறுகிவிடும்.

பகலில் அடக்க முடியாத தூக்கம், சிரிக்கும்போது முழங்கால் தளர்வது, அமுக்குவான் பிடிப்பது (விழித்தும் உடம்பை அசைக்க முடியாமல் போவது) இவையும் சேர்ந்தால் டாக்டரைப் பாருங்கள். நம் பக்கத்துக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. புது மாத்திரை தொடங்கிய பிறகு வந்த குழப்பம் என்றால் அதையும் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். போகும்போது அந்த நோட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்.