14 வயதில் ஜெயித்து என்ன செய்வது? ஹர்லிங் பிள்ளைகளிடம் பெரியவர்கள் செய்யும் தவறுகள்

அயர்லாந்தின் லிமரிக் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி), 21 வயதுக்குட்பட்டோருக்கான அகில அயர்லாந்து ஹர்லிங் கோப்பையை 2000, 2001, 2002 என மூன்று வருடம் விடாமல் வென்றது. இந்தப் பையன்கள் சீனியர் அணிக்கு வந்துவிட்டால் அப்புறம் யாரும் கிட்டே நெருங்க முடியாது என்றுதான் எவருக்கும் தோன்றியிருக்கும். ஆனால் சீனியர் கோப்பை வந்தது 2018இல். அதற்கு முன் அவர்கள் அதைத் தொட்டது 1973இல். இடையில் 45 வருடம்! இளையோர் கோப்பைக்கும் சீனியர் கோப்பைக்கும் நடுவே எத்தனை பேர் காணாமல் போகிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஹர்லிங் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மட்டையும் பந்தும் வைத்து ஆடும் அயர்லாந்து ஆட்டம் இது. அணிக்கு 15 பேர். ஆஷ் மரத்தில் செதுக்கிய மட்டைக்கு ஹர்லி என்று பெயர், 110 கிராமுக்குச் சற்று மேல் எடையுள்ள பந்துக்கு ஸ்லிட்டர். வலைக்குள் போனால் 3 புள்ளி, குறுக்குக் கம்பத்துக்கு மேலே போனால் 1. சம்பளம் கிடையாது. பையன் தன் ஊர் கிளப்புக்கு ஆடுவான், கை தேறினால் கவுண்டி கூப்பிடும். பெண்கள் ஆடுவது கமோகி. கீழே சொல்வதெல்லாம் அவர்களுக்கும் பொருந்தும்.

முதல் தவறு, உயரத்தைப் பார்த்து ஆள் எடுப்பது. 14 வயதுவாக்கில் கவுண்டிகள் பயிற்சிக் குழுக்களுக்குப் பிள்ளைகளைப் பொறுக்குகின்றன. வயதைக் கணக்கிடுவது ஜனவரி 1ஐ வைத்து. அதனால் ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே வரிசையில் நிற்பார்கள். நடுவில் கிட்டத்தட்ட ஒரு வருட வளர்ச்சி. மீசை அரும்பியவன் இடித்துத் தள்ளிக்கொண்டு போய் கோல் அடிப்பான், தேர்வாளர் பேரை எழுதிக்கொள்வார். 18 வயதில் மற்றவர்களும் வளர்ந்து நிற்கும்போது அவனுக்கு இடிக்க ஆள் கிடைக்காது. அதுவரை பந்தைத் தரையிலிருந்து சுத்தமாக எடுக்கப் பழகவேண்டிய அவசியமே அவனுக்கு வந்திருக்காது. டிசம்பர்ப் பையனோ எப்போதோ கால்பந்துக்குப் போயிருப்பான். தேர்வுப் பட்டியலில் பேருக்குப் பக்கத்தில் பிறந்த மாதத்தையும் எழுதிவையுங்கள். ஒரு குழுவுக்குப் பதில் இரண்டு குழு நடத்துங்கள். செலவுதான், ஆனால் 14 வயதில் கழித்துக்கட்டிய பிள்ளையைத் திரும்பக் கூட்டிவருவது அதைவிடக் கஷ்டம்.

11, 12 வயது வரையிலான பிள்ளைகளுக்கு ஹர்லிங்கை நடத்தும் ஜி.ஏ.ஏ. (கேலிக் விளையாட்டுச் சங்கம்) 'கோ கேம்ஸ்' என்று ஒன்றை வைத்திருக்கிறது. சின்ன மைதானம், குறைந்த ஆட்கள், எல்லாருக்கும் முழு ஆட்டம், கோப்பை இல்லை. நல்ல ஏற்பாடு. அதிலும் ஓரமாக நின்று விரல்விட்டு ஸ்கோர் எண்ணும் அப்பாக்கள் உண்டு. அவர்களை என்ன செய்வது!

அடுத்தது மட்டை. "வளர்ற பையன், கொஞ்சம் பெரிசாவே வாங்கிடலாம்" என்று பள்ளிச் சீருடை வாங்குவதுபோல ஹர்லி வாங்கக்கூடாது. காலோரம் நிறுத்தினால் கைப்பிடியின் நுனி இடுப்பெலும்பைத் தொட்டால் போதும். அதைவிட நீளமென்றால் பிள்ளை மணிக்கட்டால் அடிக்காமல் தோளால் வீசத் தொடங்கும், அந்தப் பழக்கம் லேசில் போகாது.

பிடியில்தான் நம்மைப் போன்ற கிரிக்கெட்காரர்கள் கெடுத்துவிடுவோம். கிரிக்கெட்டில் வலதுகை ஆட்டக்காரனின் இடதுகை மேலே, வலதுகை கீழே. ஹர்லிங்கில் தலைகீழ். பலமான கைதான் மேலே இருக்கவேண்டும். ஓடும்போது அந்த ஒற்றைக் கையில்தான் ஹர்லி இருக்கும், மற்றக் கை பந்தைப் பிடிப்பதற்கு. அடிக்கும்போது மட்டும் அது கீழே வந்து சேரும். அயர்லாந்தில் வளரும் பிள்ளை இப்படிப் பிடித்தால், பேட் பிடித்த ஞாபகத்தில் திருத்தப் போகாதீர்கள். அவன் பிடித்திருப்பதுதான் சரி.

வலது பக்கம் மட்டுமே அடிக்கத் தெரிந்த பையன் 12 வயதில் நட்சத்திரமாகத் தெரிவான். 16 வயதில் எதிராளி அவனை ஒரு பக்கமாக ஒதுக்கி, வீச்சின் பாதியிலேயே தன் ஹர்லியால் கொக்கி போட்டுவிடுவான். பல கிளப்புகளில் பந்தடிக்கவென்றே சுவர் இருக்கிறது. வலம் பத்து, இடம் பத்து என்று அதில் தினமும் அடித்தால் இந்தக் குறை வராது. இதற்குப் பயிற்சியாளர்கூடத் தேவையில்லை.

கைதேர்ந்த பிள்ளைக்கு இன்னொரு ஆபத்து. 16 வயதுப் பையன் பள்ளி அணி, கிளப்பில் தன் வயது அணி, அதற்கு மேல் வயது அணி, கவுண்டிக் குழு, போதாக்குறைக்கு கேலிக் கால்பந்து (கையாலும் காலாலும் ஆடும் அயர்லாந்துக் கால்பந்து) என்று ஐந்து பேரிடம் மாட்டிக்கொள்வான். ஒவ்வொரு பயிற்சியாளரும் "வாரத்துக்கு இரண்டு நாள்தானே கேட்கிறேன்" என்பார். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாரும் நியாயஸ்தர்கள். கூட்டிப் பார்க்கத்தான் ஆள் இல்லை. கவுண்டிகளுக்கிடையிலான மைனர் போட்டியின் வயது வரம்பை 2018இல் 18க்குள் என்பதிலிருந்து 17க்குள் என்று இறக்கியதற்கு இந்தச் சுமையும் ஒரு காரணம். விதி பாதிதான் செய்யும். வீட்டில் ஒரு காலண்டரை மாட்டி எல்லா ஆட்டத்தையும் பயிற்சியையும் அதில் எழுதுங்கள். பக்கம் நிறைந்துவிட்டால் கிளப்பும் கவுண்டியும் தங்களுக்குள் பேசி முடிவெடுக்கட்டும். யாரிடம் 'வரமாட்டேன்' என்று சொல்வது என்ற தர்மசங்கடத்தைப் பிள்ளையின் தலையில் கட்டாதீர்கள்.

கடைசியாக, கழித்துவிடும் விதம். வாட்ஸ்அப் குழுவில் பட்டியல் வரும், பிள்ளை மேலிருந்து கீழே இரண்டு முறை தேடும், தன் பேர் இல்லை என்று தெரிந்துகொள்ளும். மறுநாள் பள்ளியில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். இதற்கு மாற்று ரொம்பச் சுலபம்: பட்டியல் வெளிவருவதற்கு முன்னால் பயிற்சியாளரே ஃபோன் செய்து சொல்லவேண்டும். எது போதவில்லை என்பதைக் குறிப்பாக ஒன்றே ஒன்று, அடுத்த தேர்வு எப்போது என்பது இன்னொன்று. அதோடு, அவனுடைய கிளப் பயிற்சியாளருக்கும் அதே விஷயம் போய்ச் சேரவேண்டும். ஏனென்றால் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அந்தப் பையன் ஹர்லியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கப்போவது அவரிடம்தான்.